கடனா, குற்றமா? ஒரு ஸ்பானியச் சொல்லின் வரலாறு

இயேசு தம் சீடருக்குக் கற்பித்த செபத்தில் மன்னிப்புக் கோரும் வரி ஒன்றுண்டு. மன்னிக்கப்பட வேண்டியது எது என்பதில் மொழிபெயர்ப்பாளர் பல நூற்றாண்டுகளாக வேறுபட்டு நிற்கின்றனர்.

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் 'கடன்கள்' என்பதே நேர்ப்பொருள். லூக்கா பாவங்கள் என்று எழுதி, அடுத்த அடியிலேயே கடன்பட்டோரைக் குறிப்பிடுகிறார். அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியமையே இதற்குக் காரணம் என்பர் அறிஞர். இலத்தீன் விவிலியம் 'டெபிட்டா' என்றது. அதிலிருந்து பிறந்தது ஸ்பானியத்தின் 'தெவுதாஸ்'. 1569இல் காசியோடோரோ தெ ரெய்னா வெளியிட்ட புரட்டஸ்தாந்து விவிலியமும் ஸ்பெயினின் கத்தோலிக்கச் செபமும் இச்சொல்லில் ஒன்றுபட்டிருந்தன.

ஆங்கிலம் வேறு வழி சென்றது. 1526இல் வில்லியம் டின்டேல் 'ட்ரெஸ்பாஸ்' என்று எழுதினார். 1549ஆம் ஆண்டின் பொது மன்றாட்டு நூல் அதனை நிலைபெறச் செய்தது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் மத்தேயுவில் கடன் என்றே எழுதிய போதிலும் பெரும்பாலோர் நாவில் பழைய செபமே நின்றது. ஸ்கொட்லாந்துப் பிரஸ்பிட்டேரியர் கடனைக் கைவிடவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் 'ட்ரெஸ்பாஸ்' என்றதும் நினைவுக்கு வருவது அயலான் காணிக்குள் அத்துமீறி நுழைதல். கொடுக்கல் வாங்கல் அன்று.

இந்த வேறுபாடு வெறும் அகராதிச் சிக்கல் அன்று. 1982 ஓகஸ்டில், ஏறத்தாழ 8,000 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன் சுமந்த மெக்சிக்கோ, தவணை கட்ட இயலாதென அறிவித்தது. இலத்தீன் அமெரிக்கா முழுவதும் நெருக்கடி பரவியது. 1986 டிசம்பரில் வத்திக்கானின் நீதி, சமாதான ஆணைக்குழு சர்வதேசக் கடன் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அத்தகைய காலத்தில், 1988 நவம்பரில், ஸ்பெயினின் திருச்சபை செபத்திலிருந்து 'தெவுதாஸ்' என்பதை நீக்கி, குற்றங்களைக் குறிக்கும் 'ஒஃபென்சாஸ்' என்பதை அமர்த்தியது. ஸ்பானியம் பேசும் நாடுகளுக்குப் பொது வாசகம் தேவை என்பதே கூறப்பட்ட காரணம். கடனாளி நாடுகளின் பக்கம் நின்ற இறையியலாளர் சிலர் அதை ஏற்கவில்லை.

இதில் சதி இருந்ததென்று நான் கூறமாட்டேன். ஆனால் ஏழையின் கடனைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்ட மறையுரையாளருக்குச் செபமே தந்திருந்த சான்று அன்று கைநழுவியது. ஆகவே, 1988க்கு முற்பட்ட ஸ்பானியச் சமய நூலை ஆங்கிலத்தில் தருவோர், பழக்கத்தால் 'ட்ரெஸ்பாஸ்' என்று எழுதினால், மூலநூலாசிரியரின் வாதத்தையே அழித்துவிடுவர் என்பது என் கருத்து.

நம் புரட்டஸ்தாந்துத் தமிழ் விவிலியத்தில் கடன் என்ற சொல்லே நிற்கிறது. கத்தோலிக்கச் செபத்தில் அது இல்லை. தமிழில் கடன் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டியது. செய்ய வேண்டிய கடமையும் அதுவே. ஸ்பானியத்தின் 'தெபேர்' என்ற வினைக்கும் இவ்விரு பொருளும் உண்டு. அச்சொல்லை ஆங்கிலத்தைவிடத் தமிழே எளிதில் ஏந்தும்.