முக்காற்புள்ளி எவ்வளவு நேரம் நிற்கும்?

ஜொகூர்பாருவில் என்னிடம் தமிழ் படிக்கும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி, ஆங்கிலக் கட்டுரைத் தாளோடு வந்தாள். ‘மை ஃபேவரைட் சப்ஜெக்ட்ஸ் ஆர்: தமிழ், ஹிஸ்டரி அண்ட் பயாலஜி’ என்று எழுதியிருந்தாள். முக்காற்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “முக்கால்வாசி நிறுத்திப் படிக்கத்தானே டீச்சர் போட்டேன்? இது ஏன் தப்பு?” என்றாள். தப்பு அவளுடையது மட்டுமில்லை. நாம் சொல்லிக்கொடுத்த பெயரிலும் கொஞ்சம் இருக்கிறது.

ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறிகளே கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பல நேரம் விட்டுவிடுவார்கள். அச்சு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர். 1852இல் அவர் வெளியிட்ட பெரியபுராண வசனம் போன்ற நூல்கள் வழியாக, நிறுத்தக்குறியிட்ட உரைநடையைத் தமிழில் பரப்பிய முன்னோடி என்று அவரைப் போற்றுகிறோம்.

சரி, கால், அரை, முக்கால், முற்று என்ற கணக்கு எதற்கு? அக்காலத்து ஆங்கில இலக்கணங்களைப் பாருங்கள். 1762இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கணம், காற்புள்ளியைவிட அரைப்புள்ளி இரு மடங்கு, அதைவிட முக்காற்புள்ளி இரு மடங்கு, அதைவிட முற்றுப்புள்ளி இரு மடங்கு நிறுத்தம் என்கிறது. வாய்விட்டு வாசிப்பவருக்கு மூச்சுக்கணக்கு! நம் பெயர்களும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள்தான் என்பது என் எண்ணம். மலாய்ப் பாடத்தில் இதையே ‘தித்திக் பெர்திண்டே’, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் புள்ளி என்கிறோம். மலாய் உருவத்தைச் சொல்கிறது, தமிழ் நேரத்தைச் சொல்கிறது. குறி செய்யும் வேலையை ரெண்டுமே சொல்லவில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் முக்காற்புள்ளி மூச்சுக்கானது அல்ல. ‘இதோ, சொல்கிறேன்’ என்று கைகாட்டும் குறி. கட்டுரையில் அதற்கு முன்னால் உள்ள பகுதி தானே முழு வாக்கியமாக நிற்க வேண்டும். ‘மை ஃபேவரைட் சப்ஜெக்ட்ஸ் ஆர்’ என்பது நிற்காது. ‘ஐ லைக் த்ரீ சப்ஜெக்ட்ஸ்’ நிற்கும், அதன் பிறகு தாராளமாகப் போடலாம். அரைப்புள்ளியும் பாதி மூச்சு இல்லை. பெரும்பாலும் அது நெருங்கிய தொடர்புள்ள இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கிறது.

தமிழில் இந்தச் சிக்கல் ஏன் அதிகம் வருவதில்லை? நம் வினை கடைசியில் வருகிறது, பட்டியல் முன்னாலேயே வந்துவிடுகிறது. ‘தமிழ், வரலாறு, உயிரியல் ஆகிய மூன்று பாடங்கள் எனக்குப் பிடிக்கும்.’ முக்காற்புள்ளிக்கு இடமே இல்லை. ‘பின்வருமாறு’ என்று எழுதி, பட்டியலைப் பின்னுக்குத் தள்ளும்போதுதான் அது தேவைப்படும். எண்ணும்மை வந்தால் காற்புள்ளியும் வேண்டாம்: ‘தமிழும் வரலாறும் உயிரியலும் பிடிக்கும்.’ இங்கே ஒவ்வோர் ‘உம்’முக்குப் பின்னாலும் காற்புள்ளி தூவும் பழக்கத்தைத் தேர்வுத் தாள்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த மாணவியை மறுபடி எழுதச் சொன்னேன். சற்று யோசித்தாள். முக்காற்புள்ளியை அழித்துவிட்டு, ‘ஆர்’ என்பதை அப்படியே விட்டாள். அதுவும் சரிதான்.