சாரமும் களிசானும்

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு பிற்பகல். வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள ஒரு புடைவைக் கடைக்கு வேட்டி வாங்கச் சென்றிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மாணவன் ஒருவன் அங்கே பகுதிநேர வேலை பார்க்கிறான். முதுகிலே பயணப்பையோடு வந்த இரண்டு வெளிநாட்டு இளைஞர்களுக்கு அவன் பருத்திச் சாரம் ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அவர்கள் கேட்டார்கள். இடுப்பிலே கட்டலாம், இரவிலே போர்த்தலாம், குளித்துவிட்டுத் துவட்டலாம், வெயிலுக்குத் தலைப்பாகை, ரெயிலிலே விரிப்பு, சந்தையிலே மூட்டை, குழந்தைக்கு ஏணை என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனபின் அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "சேர், உதை நாங்கள் வீட்டிலை மட்டும்தானே கட்டுறனாங்கள். றோட்டிலை கட்டிக்கொண்டு போனால் ஆர் மதிக்கிறது?"

அன்று அவன் அணிந்திருந்தது இறுகிய ஜீன்சும் பொலியெஸ்ரர் ரீ சேர்ட்டும். முதுகெல்லாம் வியர்வை. 'வீட்டிலே மட்டும்' என்ற அந்த இரு சொற்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்திலே நின்றன. நம் காலநிலைக்கென்றே அமைந்தது போன்ற ஓர் உடை எப்பொழுது வீட்டுக்குள்ளே போயிற்று? எவர் அதை அனுப்பிவைத்தார்?

தமிழாசிரியன் எதையும் சொல்லிலிருந்தே தொடங்குவான். யாழ்ப்பாணத் தமிழில் உடைகளுக்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். களிசான், சப்பாத்து, மேசு, லேஞ்சி, பொத்தான் ஆகிய யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். குளித்துத் துவட்டும் துவாயும் அவர்கள் தந்ததே. சாரம் என்ற சொல்லோ மலாய் மொழியின் 'சாரோங்' என்பதனோடு உறவுடையது. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொழும்புக்கு வந்த மலாயரின் உடை அது. ஆகவே களிசான் அந்நியம், சாரம் சுதேசியம் என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது. இரண்டும் கப்பலேறி வந்த பெயர்களே.

எனினும் துணி நம் கரைக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் 1613இல் தமிழகத்தின் பழவேற்காட்டிலே கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். அங்கிருந்து கோடும் கட்டமும் இட்ட பருத்தித் துணிகள் தென்கிழக்காசியா எங்கும் சென்றன. அத்துணிகளைச் சிவப்பாக்கிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது. அதனை ஒல்லாந்தர் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். இன்று நாம் மலாய்ப் பெயரால் அழைக்கும் துணியின் வரலாற்றிலே தமிழ் நெசவாளரின் தறியும் நம் மண்ணின் சாயமும் கலந்திருக்கின்றன.

காலநிலையை நோக்குவோம். கொழும்பிலே ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். இங்கே நம்மை வாட்டுவது வெப்பம் மட்டுமன்று, காற்றிலுள்ள ஈரமுமாகும். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாதல் மந்தமாகிறது. அவ்வேளையில் உடலுக்கும் துணிக்கும் இடையே காற்று நடமாட வழிவிடும் தளர்ந்த உடையே துணை. கீழே திறந்து, நடக்குந்தோறும் காற்றை உள்ளே வாங்கி வெளியே தள்ளும் சாரம் அதைத்தான் செய்கிறது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு: மழைக்காலத்தில் உலரச் சுணங்கும். ஆயின் மெல்லிய ஒற்றைத் துணியான சாரம், தடித்த ஜீன்சைக் காட்டிலும் எவ்வளவோ விரைவில் உலர்ந்துவிடும். இடுப்பளவு மாறினாலும் தைத்து மாற்ற வேண்டியதில்லை. பழசானால் தொட்டிலாகும், பின்னர் கைபிடி துணியாகும். ஒரே துணியை நெடுங்காலம் பயன்படுத்துவதே பூமிக்குப் பாரம் குறைக்கும் வழி என்று இன்று அறிஞர்கள் சொல்வதை, நம் பாட்டிமார் சிக்கனம் என்ற பெயரிலே செய்துவந்தார்கள்.

அவ்வாறாயின் மதிப்பு ஏன் போயிற்று? இக்கேள்வியைக் கொழும்பிலே பிறந்த ஒரு தமிழர் நூறாண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருந்தார். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாகப் பிறந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, புவிச்சரிதவியல் அறிஞராக இலங்கை திரும்பியவர். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக ஊர் ஊராகச் சென்றவர். பாறைகளைத் தேடிப் போனவரின் கண்ணிலே மனிதர்களின் உடை பட்டது. 1905இல் 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பிலே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதே ஆண்டிலே இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கமும் தோன்றியது. பொருத்தம் பாராமல் ஐரோப்பியப் பழக்கவழக்கங்களைப் பின்பற்றுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பாதி ஆங்கிலேயரான ஒருவர் முழுச் சுதேசிகளைப் பார்த்து, உங்கள் உடையை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்க நேர்ந்தது நம் வரலாற்றின் விந்தை.

அக்குரல் வீண்போகவில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்து, தேசிய உடையையும் தன் கொள்கைகளில் ஒன்றாக்கியது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து கதர் நிதி திரட்டினார். உடை என்பது சுயமரியாதை என்ற எண்ணம் படித்த இளைஞரிடையே வேரூன்றியது. ஆனால் நாட்டின் அரசியல் திசைமாறியபோது உடையின் பொருளும் மாறியது. எல்லோருக்கும் உரியதாக இருந்திருக்க வேண்டிய தேசிய உடை, இன அடையாளமாகச் சுருங்கியது. அடையாளம் ஆனது எதுவோ அதுவே ஆபத்தும் ஆயிற்று. 1958இலும் 1977இலும் 1983 ஆடியிலும் கொழும்புத் தெருக்களிலே வேட்டியும் பொட்டும் திருநீறும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளாயின.

இதை நான் நூலிலே மட்டும் படித்தவனல்லன். 1990களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டிலே தங்கிப் படித்தேன். வெள்ளிக்கிழமைகளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போவோம். வேட்டியைப் பையிலே மடித்து வைத்துக்கொண்டு களிசானோடு போய், கோயிலிலே மாற்றிக் கட்டி, திரும்பும்போது மறுபடி களிசான். "தம்பி, திருநீறை அழிச்சுப்போட்டு நட" என்பார் மாமா. கருங்கல்லிலே ஓங்கி நிற்கும் அக்கோயிலை வெளிவீதியிலிருந்து பார்க்கும்போதெல்லாம், நெற்றியைத் துடைத்த அந்தக் கை நினைவுக்கு வருகிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப உடுத்தும் உரிமையை மறந்து, சோதனைச் சாவடிக்கு ஏற்ப உடுத்தப் பழகிய தலைமுறை எங்களுடையது.

இனி வெள்ளவத்தையை மீண்டும் பாருங்கள். இன்று துணிக்கடைகள் நிறைந்த இவ்வூர் முன்பு துணி நெய்த ஊர். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிலே ஒரு திருப்பம். இளம் வழக்கறிஞராயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் தொழிலாளரோடு நின்றனர். 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின்னர் நாடு நெய்வதை விடுத்துத் தைக்கத் தொடங்கியது. 1978இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் தைத்த ஆடைகளை உலகின் இளம் பயணிகள் அணிகிறார்கள். காற்றோட்டம், இலேசு, பல பயன் என்பவை இன்று ஆடை விற்பனையின் புதிய மந்திரங்கள். அம்மந்திரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த துணியை நாம் கொடியிலே காயப் போட்டுவிட்டு மறந்திருக்கிறோம்.

பழையதெல்லாம் நன்று என்பது என் கட்சியன்று. 2022 நவம்பரில், நெருக்கடி காரணமாக அரச ஊழியரின் உடை விதி தளர்ந்திருந்தபோது, ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து இலகுவான உடையிலே பாடசாலைக்கு வந்தனர். சேலையே வேண்டும் என்றது கல்வி அமைச்சு. நெரிசல் பஸ்ஸிலே ஆறு யார் சேலையோடு தொங்கும் என் சக ஆசிரியைக்கு அது சுதேசியமாகத் தோன்றவில்லை, சுமையாகவே தோன்றியது. மேலைநாட்டு ரையாயினும் கீழைநாட்டுச் சேலையாயினும், உடுப்பவரைக் கேளாது விதிக்கப்படும் உடை ஒன்றே. 2024 பெப்ரவரியில் வெப்பம் மிகுந்தபோது வெளிக்கள விளையாட்டுகளை மட்டுப்படுத்துமாறு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் வந்தது. வகுப்பறையிலே பிள்ளைகளின் கழுத்திலிருந்த ரையைத் தளர்த்தச் சொல்ல எனக்கும் அன்றுதான் துணிவு வந்தது.

நேயர்களே, அந்த மாணவனின் கதை முடியவில்லை. சென்ற மாதம் நண்பர்களோடு இரவு ரெயிலிலே திருகோணமலைக்குப் போனான். பையிலே இரண்டு சாரம். ஒன்றை ரெயிலிலே போர்த்திக்கொண்டதாகவும், மற்றதைக் கடற்கரையிலே உலரவிட்டுக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் பாண் வாங்கப் போனதாகவும் திரும்பி வந்து சொன்னான்.

"ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை, சேர்" என்றான், சிறிது ஏமாற்றத்தோடு.

அது எத்தனை பெரிய செய்தி என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாதிருப்பதே நல்லது. நானோ இன்றும் கொட்டாஞ்சேனையில் மூலைக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போவதென்றாலும் சாரத்தைக் களைந்து களிசானை மாட்டிக்கொண்டே வாசற்படி இறங்குகிறேன்.