நாய்க்குட்டிகளின் உணவு ஒவ்வாமை

நாய்க்குட்டிகளின் உணவு ஒவ்வாமை என்பது உணவிலுள்ள ஒரு பொருளை, பெரும்பாலும் ஒரு புரதத்தை, நாய்க்குட்டியின் நோய் எதிர்ப்பு அமைப்பு தீங்கானதாகக் கொண்டு எதிர்வினை காட்டும் நிலையாகும். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காரணமான பொருளைக் கண்டறிந்து உணவிலிருந்து விலக்குவதே தீர்வாகும். எனவே உலர் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது "இயற்கை", "உயர்தரம்" போன்ற சொற்களைவிட அதில் எந்தப் புரதம் உள்ளது என்பதே முதன்மையானது.

அறிகுறிகள்

பருவகாலத்தைச் சாராமல் நீடிக்கும் அரிப்பு இதன் முக்கிய அறிகுறியாகும். பாதங்களை ஓயாமல் நக்குதல், அடிக்கடி ஏற்படும் காது அழற்சி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவையும் காணப்படலாம். தெள்ளுப்பூச்சிக் கடி, சொறி, மகரந்தம், வீட்டுத் தூசு ஆகியவற்றாலும் அரிப்பு உண்டாகும். ஆகையால் உணவை மாற்றும் முன் கால்நடை மருத்துவர் இவற்றை ஆராய்வது வழக்கம்.

காரணமான உணவுகள்

உணவால் தோல் பாதிப்புற்ற 297 நாய்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2016 ஆம் ஆண்டு ஒரு மீளாய்வு வெளியானது. அதன்படி மாட்டிறைச்சி 34%, பால் பொருட்கள் 17%, கோழி இறைச்சி 15%, கோதுமை 13%, செம்மறியாட்டு இறைச்சி 5% நாய்களில் ஒவ்வாமைக்குக் காரணமாக இருந்தன. தானியங்களே பெரும்பாலும் காரணம் என்னும் பரவலான கருத்துக்கு மாறாக, விலங்குப் புரதங்களே முன்னிலையில் உள்ளன.

நோயறிதல்

குருதி, உமிழ்நீர், மயிர் ஆகியவற்றில் செய்யப்படும் சோதனைகள் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத்தக்கவை அல்ல. விலக்கல் உணவு முறையே நம்பகமான வழியாகும். இதில் பின்வரும் இருவகை உணவுகளுள் ஒன்று குறைந்தது 8 வாரங்கள் வழங்கப்படுகிறது.

* நாய்க்குட்டி முன்னர் உண்டிராத புரதம் கொண்ட உணவு
* நோய் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் காண இயலாதவாறு புரதம் சிறு கூறுகளாக உடைக்கப்பட்ட உணவு

உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 5 வாரங்களிலும், 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 8 வாரங்களிலும் குணமடைகின்றன. பின்னர் பழைய உணவை மீண்டும் அளிக்கும்போது அறிகுறிகள் திரும்பினால் ஒவ்வாமை உறுதியாகிறது. இக்காலத்தில் பிஸ்கட், வீட்டு உணவின் மிச்சம், இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரை ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். சிறிதளவு கொடுத்தாலும் சோதனை பயனற்றுப் போகலாம்.

உலர் உணவைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வாமையைத் தவிர்க்கும் உணவு வளர்ச்சிக்கும் போதுமானதாக இருத்தல் வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலின்படி, நீர் நீங்கிய எடையில் நாய்க்குட்டி உணவில் குறைந்தது 22.5% புரதம் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்களுக்கு இது 18% ஆகும். பேரின நாய்க்குட்டிகளின் உணவில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

இச்சங்கத்தின் விதிப்படி "சால்மன் மீன் சேர்த்தது" எனப் பெயரிட, உணவில் 3% சால்மன் இருந்தாலே போதும். எஞ்சிய பகுதியில் கோழியோ மாட்டிறைச்சியோ இருக்கக்கூடும். எனவே பெயரை மட்டும் நம்பாமல், சேர்பொருட் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும். "இயற்கை" என்பது வேதியியல் முறையில் தொகுக்கப்படாத பொருட்களைக் குறிக்கும் சொல்லாகும். கோழியும் மாட்டிறைச்சியும் இயற்கையானவையே. ஆதலால் அச்சொல் ஒவ்வாமையின்மைக்குச் சான்றாகாது. கடைகளில் விற்கப்படும் சில உணவுகளில் பட்டியலில் இல்லாத புரதங்களும் கண்டறியப்பட்டுள்ளன. இதனால் விலக்கல் சோதனைக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் உணவே ஏற்றது.

தானியமற்ற உணவுகள்

பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த உணவுகளுக்கும் நாய்களின் இதயம் விரிவடையும் நோய்க்கும் தொடர்புண்டா என்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் ஆராய்ந்து வருவதாக 2018 இல் அறிவித்தது. அவற்றுள் பல தானியமற்றவை. 2022 டிசம்பரில், காரணத் தொடர்பை நிறுவப் போதிய தரவு இல்லை என அந்நிறுவனம் தெரிவித்தது. கோதுமை போன்ற தானியத்துக்கு ஒவ்வாமை உறுதியானால் அத்தானியத்தை மட்டும் விலக்கினால் போதும். எல்லாத் தானியங்களையும் தவிர்க்கத் தேவையில்லை.