சாவடியிலிருந்து குடியம் வரை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்த பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தி காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பைக்ல தடா அருவிக்குப் போறாங்க. நானும் போறேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"கூட யார் வராங்க?"

"நாங்க எட்டுப் பேரு."

"அது சரி, வழி தெரிஞ்சவங்க யாரு?"

"மேப் இருக்கே தாத்தா" என்றாள்.

அந்தப் பதிலுக்கு என்னால் கோபப்பட முடியவில்லை. காரணம், முப்பது வருடங்களுக்கு முன்னால் நானும் அதே தவற்றைச் செய்தவன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சரித்திர வாத்தியார் என்பதால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். குமணன்சாவடி. குமணன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விடுங்கள். 'சாவடி' என்பதில் சந்தேகமில்லை. அடுத்த நிறுத்தம் கரையான்சாவடி. இன்றைய பிள்ளைகளுக்குச் சாவடி என்றால் சுங்கச்சாவடி, இல்லாவிட்டால் வாக்குச்சாவடி. பழைய நாளில் வழிநடைக்காரர்கள் மூட்டையை இறக்கி, தண்ணீர் குடித்து, இரவு தங்கி, விடிந்ததும் புறப்படுகிற பொது இடத்துக்கும் அதுதான் பெயர். மேற்கே திருமழிசை, திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடந்து போகிறவர்களுக்கு இந்தச் சாலைதான் வழி. ஆடிக் கிருத்திகைக்கும் புரட்டாசிக்கும் இன்றைக்கும் மஞ்சள் துணி கட்டி இந்தப் பக்கம் நடந்து போகிறார்கள். மெட்ரோ தூண்களுக்குக் கீழே நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள், அங்கே மாநிலப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கினோம், அருவி பார்த்தோம் என்று படம் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஊர்விட்டு ஊர் நடப்பதும், வழியில் பொது இடத்தில் தங்குவதும், மலையேறி அருவியில் குளிப்பதும் நமக்குப் புதிதல்ல. 'நீர்வீழ்ச்சி' என்பது ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல். 'அருவி' சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இதை எத்தனையோ வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நமக்குப் புதியது வேறொன்று. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும் என்பதுதான் அது. அந்தக் கதைக்கும் நம் மேற்குப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக நாம் இன்று தொங்கிக்கொண்டு போகும் அதே தடம். தண்டவாளத்துக்கு அடியில் போடவும் மரம், எஞ்சினில் எரிக்கவும் விறகு. காடுகள் வேகமாக அழிந்தன. அதே 1856-இல்தான் சென்னை மாகாணத்துக்குத் தனியாக ஒரு வனக் காப்பாளரை நியமித்தார்கள். அவர் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அதுதான் நடப்பில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தால் மரம் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 'காப்புக்காடு' என்று எல்லைக்கல் நட்டதும், தலைமுறை தலைமுறையாக அதற்குள் ஆடு மேய்த்தவரும், தேன் எடுத்தவரும், விறகு பொறுக்கியவரும் ஒரே நாளில் அத்துமீறுகிறவர் ஆனார்கள். அந்தக் காட்டில் எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வரும், எந்தப் புல் எப்போது தீப்பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். வழி தெரிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு வழியை மட்டும் பூட்டி வைத்தோம். பின்னால் நடந்த பல துயரங்களுக்கு வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் நயாகரா அருவியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. வேலி போட்டு, காசு வாங்கிக்கொண்டு எட்டிப்பார்க்க விட்டார்கள். மக்கள் பல வருடம் குரல் கொடுத்த பிறகு, 1885-இல் நியூயார்க் மாநில அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு அருவியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அங்கே மாநிலப் பூங்கா என்று இன்று கொண்டாடுவதன் தொடக்கங்களில் அது ஒன்று. அங்கே சட்டம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. ஏறக்குறைய அதே வருடங்களில் நம் பக்கத்துச் சட்டம் கதவைச் சாத்தியது.

இனி குடியம்.

குமணன்சாவடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். திருவள்ளூர் போய், பூண்டி ஏரியைத் தாண்டினால் அந்தச் சிறு குன்றுகள் தெரியும். ஊரிலிருந்து முள்ளுக்காட்டு வழியே நடந்தால் பெரிய பாறைக் குடைவு ஒன்று எதிரே நிற்கும். கூழாங்கற்களைக் காரையில் பதித்து வைத்தாற்போன்ற பாறை. உள்ளே ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து கற்கருவிகளை எடுத்தது.

இந்தப் பகுதியின் பெருமை அதற்கும் நூறு வருடம் முந்தியது. நிலவியல் துறையில் வேலை பார்த்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே வருடம் செப்டம்பரில் அவரும் சக ஊழியர் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கைக்கோடரிகளைக் கண்டார்கள். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்றுகள் அவை. பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான குழு அதே அத்திரம்பாக்கத்தில் ஆய்வு செய்து, அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டது. பதினைந்து லட்சம்! பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிற இடம் நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில், 1991 டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கூட இன்னொரு ஆசிரியர். பொட்டலம் கட்டிய எலுமிச்சை சாதம், இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கவேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஊரில் ஒருவரிடம் கைகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நடந்தோம்.

குகையைப் பார்த்து, சாப்பிட்டு, திரும்பும்போது தலை எண்ணினால் 33.

ஒரு பையனைக் காணோம். கைக்கோடரி பொறுக்கப் போயிருக்கிறான். முந்தின நாள் வகுப்பில் "இந்த மண்ணில் குனிந்தால் சரித்திரம் கிடைக்கும்" என்று வீர வசனம் பேசியது நான்தான். கத்திக் கூப்பிட்டோம். குன்று எங்கள் குரலையே திருப்பிக் கொடுத்தது. பார்த்த இடமெல்லாம் ஒரே மாதிரிப் புதர், ஒரே மாதிரிக் கல். டிசம்பர் மாதம், சீக்கிரம் இருட்டிவிடும். அவன் அம்மா முகம் கண்முன் வந்து நின்றது. கால் நடுங்கியது என்று எழுதுவது எளிது. நடுங்கியது எனக்குத்தான் தெரியும்.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் ஆடுகளை எங்களிடம் விட்டுவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தபடி புதருக்குள் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பையன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். குன்றின் அந்தப் பக்கம் ஓர் ஓடைச் சரிவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தானாம். கால்சட்டைப் பை நிறையக் கல்.

பெரியவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இன்னா வாத்யாரே, வழி தெரியாத எடத்துக்கு வழி தெரிஞ்சவன் இல்லாம வரலாமா? என்னக் கூப்ட்டிருந்தா வந்திருப்பேனே."

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மீதியிருந்த சாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போகவில்லை. அன்று அந்தப் பெரியவர் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு, 2018 மார்ச் 11 அன்று தொலைக்காட்சியில் பதில் பார்த்தேன்.

அன்றும் ஒரு ஞாயிறு. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. பலர் இளம்பெண்கள், படித்து வேலைக்குப் போய், வார விடுமுறையில் மலை பார்க்க வந்தவர்கள். மார்ச் மாதம், காய்ந்த புல், மேலே ஏறுகிற காற்று. மொத்தம் 23 உயிர்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் அந்த மலைக் கிராமத்து மக்கள் இருந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன.

யார் அனுமதி கொடுத்தது, யார் தடுக்கவில்லை என்று பல நாள் பேசினார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே 2018-இல் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளும் வந்தன. போகாதே என்று சொல்வது சுலபம். ஆனால் சொன்னால் கேட்கிறார்களா? வழி மூடியிருந்தால் வேலி தாண்டிப் போகிறார்கள். அருவியும் அப்படித்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் அடிக்கும்போது மேலே மழை பெய்வதை மேப் சொல்லாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழிகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு செய்து போகலாம். குற்றாலத்துச் செண்பகாதேவி அருவி வழி அதில் இருக்கிறது. குரங்கணியும் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு நம் குடியம் குகை. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது, வழிகாட்டிகளாக அந்தந்த வனக் கிராமத்து, பழங்குடி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பளத்துக்கு முன்னால் நடக்கவிட்டிருப்பதுதான். 1882-இல் வெளியே நிறுத்தியவரின் பேரப்பிள்ளைகளை 142 வருடம் கழித்து முன்னால் வா என்று கூப்பிட்டிருக்கிறோம்.

தடாவுக்குப் பதில் குடியம் போகலாம் என்று பேத்தியிடம் பேரம் பேசினேன். "உங்க பழைய கதை நடந்த இடமா? அப்ப சரி" என்றாள். 2025 ஜனவரிக் கடைசியில் போனோம். எனக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடந்தேன். முன்னால் போன வழிகாட்டித் தம்பி ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினார். "ஐயா, அந்தப் பக்கம் சரிவு. கல்லு பாக்க ஆசப்பட்டு யாரும் போயிடாதீங்க." நான் பேத்தியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். 33 வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்காமல் போனது.

நாங்கள் போய்வந்த சில நாள்களில், காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லா வழிகளையும் மூடினார்கள். அந்த மார்ச் 11 இந்த இரண்டு மாதங்களுக்குள்தான் வருகிறது. 23 பேர் உயிர் கொடுத்து நமக்கு எழுதிக் கொடுத்த நாள்காட்டி அது.

குறையும் சொல்லவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் கூட்டிப்போன 34 பேரைப் போன்ற பிள்ளைகளுக்கு? அவர்கள் வீட்டில் அதைக் கேட்கவே வாய் வராது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலிருந்தும் வருடத்துக்கு ஒரு வகுப்பையாவது, வழிகாட்டியின் கூலியை அரசே கொடுத்து, இலவசமாக அழைத்துப் போகவேண்டும். பதினைந்து லட்சம் ஆண்டுச் சரித்திரம் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அதை யூடியூபில் பார்க்கக்கூடாது. கல்வித் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உரிய இடத்தில் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் சாவடி வைத்தவர்கள் போகாதே என்று யாரையும் தடுக்கவில்லை. தங்கிவிட்டுப் போ, விசாரித்துக்கொண்டு போ என்றார்கள். அந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் நானும் அதையேதான் சொல்கிறேன். போங்கள், பிள்ளைகளையும் அனுப்புங்கள். வழி தெரிந்தவரை முன்னால் விட்டு, அவர் நில் என்றால் நில்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அன்று பொறுக்கிய கல்லில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறான். போன மாதம் கொண்டுவந்து காட்டினான். கைக்கோடரி இல்லை, வெறும் கூழாங்கல்தான். நான் சொல்லவில்லை.