பழமொழித் தெருவில் பெர்சிவல் பாதிரியார்

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழோடு வாழ்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் ஏற்காட்டில் காலமானார். கடந்த பத்தாண்டுகளில் நம் வட்டத்துக் கவிஞர்கள் ஏரியைப் பாடியிருக்கிறார்கள். பனியையும் காப்பித் தோட்டத்தையும் கிளியூர் அருவியையும் பாடியிருக்கிறார்கள். பெர்சிவலை எவரும் பாடியதாக எனக்கு நினைவில்லை. அவருடைய வரலாறு முழுவதையும் எழுத நான் புகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் அன்றாட வாழ்க்கையை அறிவதற்குப் பயணிகளின் குறிப்பேடுகளைக் காட்டிலும் அவர் தொகுத்த பழமொழி நூல் நமக்கு மிகுதியும் துணைசெய்கிறது என்பதை மட்டுமே கூற விழைகிறேன்.

அந்நாளில் சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பெரும்பாலும் ஒரே காட்சியிலிருந்துதான் எழுதத் தொடங்குவர். துறைமுகமற்ற கரை, தொலைவில் நங்கூரமிட்ட கப்பல், மசூலாப் படகில் அலைகளைத் தாண்டி வரும் அச்சம். கரையேறிய பின்னர்த் துபாஷிகள், பல்லக்குத் தூக்குவோர், கடைவீதி நெரிசல், வண்ண ஆடைகள். கண்ணிற் பட்டவை எல்லாம் அவ்வேடுகளில் உண்டு. நெரிசலில் நின்ற மக்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் இராது. மொழி அறியாதவனுக்கு நகரம் வெறும் இரைச்சலாகவே கேட்கும்.

பெர்சிவலும் அயலவரே. 1803இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1826இல் வெஸ்லியன் சபையின் ஊழியராக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் ஆறுமுக நாவலர். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் அவருக்குத் துணை நின்றவரும் நாவலரே. சைவத்தின் காவலராகப் பின்னாளில் விளங்கியவரும் கிறித்தவப் பாதிரியாரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்த அந்தக் காட்சியை நம் நாவலாசிரியர் எவரும் இன்னும் கைக்கொள்ளாதது எனக்கு வியப்பே.

1850களில் பெர்சிவல் சென்னையில் வாழத் தொடங்கினார். 1855இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் தினவர்த்தமானி. வெளிவந்ததோ வாரம் ஒரு முறை. சி. வை. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு வரவழைத்து, அதன் ஆசிரியப் பணியில் அமர்த்தியவர் இவர். பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்த அந்தக் கைகள், நகரத்துச் செய்திகளையும் ஒரு காலத்தில் திருத்தியிருக்கின்றன. மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் பெர்சிவல் விளங்கினார்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே, 1840களின் தொடக்கத்தில், திருட்டாந்த சங்கிரகம் என்னும் பெயரால் ஒரு பழமொழித் தொகுதியை அவர் வெளியிட்டிருந்தார். அதனைப் பெருக்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1874இல் சென்னையில் வெளியிட்டார். இந்நூலின் அமைப்பு அகர வரிசை. 1897இல் டேனிஷ் பாதிரியாரான ஜென்சன் வெளியிட்ட தொகுதியோ பொருள்வாரியாகப் பகுக்கப்பட்டது. ஆய்வாளர்க்கு ஜென்சன் முறையே எளிது. என் மாணவியர்க்கும் அதையே பரிந்துரைத்து வந்திருக்கிறேன். ஆயினும் பெர்சிவலின் அகர வரிசை, அவர் எண்ணியோ எண்ணாமலோ, வேறொரு பயனைத் தந்துவிட்டது. ஆகாரத்தில் தொடங்கும் நம் பழமொழிகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஆட்டுக்காரனுக்குப் பக்கத்தில் ஆண்டி நிற்கிறான். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்கிறான் வணிகன். அவனுக்கு அடுத்து ஆனைப்பாகன். இவர்களை ஒன்றுசேர்த்தது எழுத்து ஒன்றே. தெருவும் அப்படித்தானே மனிதர்களை அருகருகே நிறுத்துகிறது! பகுத்து அடுக்கிய நூலில் இந்த நெரிசல் இல்லை.

‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதை இயற்றியவர் புலவராக இருக்க முடியாது. கிணற்றடியில் நின்ற ஒரு மருமகளின் குரல் அது. எந்தப் பயணியும் அவளோடு பேசியதில்லை. பேச அவளுக்கு அனுமதியும் இருந்திராது. பழமொழி வழியாகத்தான் அவள் குரல் ஏட்டில் ஏறியது. சாதிகளை இழித்தும் பெண்ணைப் பழித்தும் கூறும் பழமொழிகளும் இத்தகைய தொகுதிகளில் உண்டு. படிக்கையில் மனம் கசக்கிறது. ஆனாலும் அவற்றை விலக்கியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெள்ளையடித்த தெருவாகத்தான் இருந்திருக்கும்.

பெர்சிவலை அளவுக்கு மீறி உயர்த்துதல் என் நோக்கமன்று. 1854இல் இலண்டனில் அவர் வெளியிட்ட ‘வேதங்களின் நாடு’ என்ற ஆங்கில நூல் இந்தியாவை ஆங்கில வாசகர்க்கு விளக்குவது. அங்கே பேசுபவர் சமயப் பணியாளர், நம்மை எடைபோடுகிறார். பழமொழி நூலிலோ அவர் ஒதுங்கி நிற்கிறார், பேசுபவர்கள் நாம். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவருடைய மகளை மணந்தவர் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் புட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவரே. அவரும் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி இங்குள்ள தூய திருத்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது. மாமனார் சொற்களைப் பொறுக்கினார்; மருமகன் கற்களைப் பொறுக்கினார்.

நம் கூட்டங்களில் கவிதை வாசிப்புக்கு முன்னர்ப் பத்து நிமிடம் ஒதுக்கி, 1874ஆம் ஆண்டு நூலை அகரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆறாயிரமும் முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று அவர் கேட்டார். நான் இன்னும் கணக்கிடவில்லை.