வரிச்சலுகையும் வற் வரியும் (இலங்கை)

இலங்கையில் 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ச அரசு பெறுமதி சேர் வரியை (வற்) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கியது. கம்பனிகளின் வருமான வரியும் 28 வீதத்திலிருந்து 24 ஆனது. திறைசேரியின் வருமானம் சரிந்து, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது.

சலுகையின் பலன் யாரைச் சேர்ந்தது என்பதற்குச் சீனி நல்ல சான்று. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் விசேட பண்ட வரி, கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு 1,500 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தது; கடைவிலையோ அதற்கேற்பக் குறையவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்குப் போகிறவர் தேநீருக்குப் போட்ட சீனியின் பேரில் இறக்குமதியாளர்களே ஆதாயம் கண்டார்கள்.

பிறகு நட்டத்தை ஈடுகட்டும் சுமை நுகர்வோர் தலையில் விழுந்தது. வற் வரி 2022இல் இருமுறை ஏறி, 2024 ஜனவரி முதல் 18 வீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் வந்தன. வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரரும் கொட்டாஞ்சேனை நாட்கூலிக் குடும்பமும் காஸ் சிலிண்டருக்கு ஒரே வரியையே கட்டுகிறார்கள். வருமானத்தில் பெரும்பங்கை அன்றாடத் தேவைக்கே செலவிடும் வீட்டுக்கு இது கூடுதலாக வலிக்கும். இது அநீதி.

காலிமுகத்திடலை ஒட்டிய துறைமுக நகரின் கதை வேறு. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அங்குள்ள முதலீடுகளுக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்குத் தர இடமளித்தது.