ஏடும் அச்சும் திரையும்



தமிழ் நூல்கள் குடிபெயர்வது இதுவே முதன்முறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை பனையோலையிலிருந்து அச்சுக்கு வந்தன. இன்று அச்சிலிருந்து கணினித் திரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. முந்திய பெயர்ச்சியின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால், இன்றைய பெயர்ச்சியில் எஞ்சி நிற்கும் வேலை எது என்பது புலப்படும் என்று நான் கருதுகின்றேன்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, அழியாது காத்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு முன்னரே நல்லூர் ஆறுமுக நாவலர் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவினார். பின்னர் அச்சியந்திரம் வாங்கினார். பழைய நூல்களைப் பதிப்பித்தார். அத்துடன் அவர் அமைந்துவிடவில்லை. பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கி வெளியிட்டார். சந்தி பிரித்து, நிறுத்தக் குறியிட்டு உரைநடையை எளிதாக்கினார். சிறுவர்களுக்குப் படிமுறையாகப் பாலபாடங்களை இயற்றினார். காப்பது ஒரு தொழில், கற்பிப்பது வேறொரு தொழில் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இன்று காக்கும் தொழில் ஊக்கமாகவே நடைபெறுகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதனினும் கொடிய பாடம் வேண்டியதில்லை. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்து வாழும் தொண்டர்களின் கையால் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. 2005இல் நம் நாட்டவர் தொடங்கிய நூலகத் திட்டம், நூல், சஞ்சிகை, பத்திரிகை, பாடசாலை மலர், துண்டுப்பிரசுரம் என ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை எண்ணிமமாக்கி, எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளது.

அன்புவழிபுரத்திலிருந்து நோக்கும் எனக்கு இதன் அருமை தெரியும். 1983இன் வன்செயலும் 1990இன் இடப்பெயர்வும் 2004இன் ஆழிப்பேரலையும் கண்ட மாவட்டம் இது. இங்கே பல வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு முந்திய புத்தகம் ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் இன்று கைத்தொலைபேசி இருக்கின்றது. அதனுள்ளே ஒரு நூலகமே இருக்கின்றது. ஆயினும் பிள்ளை உள்ளே நுழைய வழி இருக்கின்றதா?

மூன்று தடைகளை நான் காண்கின்றேன். முதலாவது, வருடி எடுத்த பக்கம் பெரும்பாலும் வெறும் படமே. அதனை எழுத்தாக மாற்றினாலன்றி உள்ளே ஒரு சொல்லைத் தேட இயலாது. இரண்டாவது, பழைய அச்சு. தமிழ்நாட்டின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் லை, னை முதலிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் வளைந்த குறியுடன் அச்சாயின. நம்மூர்த் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் போற்றப்படுவது. அக்காலத்து அச்சில் அதைக் கண்டால் பத்தாம் வகுப்பு மாணவன் முதற் பக்கத்திலேயே தடுமாறுவான். மூன்றாவது, அளவு. இலட்சம் ஆவணங்களின் முன்னே, எதை முதலில் திறப்பது என்று சொல்ல ஆசிரியர் இல்லை.

பாடம் எப்படி அமையலாம் என்பதற்கு நம் கோட்டை வாயிலையே எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில், சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் இரட்டைக் கயல்களும் உள்ளன. குளக்கோட்டன் திருப்பணி அக்கல்வெட்டிற் பேசப்படுகின்றது. கவிராச வரோதயரின் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவனைச் சோழ நாட்டிலிருந்து வந்தவன் என்கின்றது. கயலோ பாண்டியர் இலச்சினை. சோழனுக்குரிய புகழைச் சொல்லும் இடத்திலே பாண்டியனின் மீன் எப்படி வந்தது?

கல்வெட்டின் படம், கோணேசர் கல்வெட்டில் உரிய பகுதி, ஆலயத்தைப் பற்றிப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியது, 1956இல் சுவாமி மலையடியில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்குள் கண்ட சிதைவுகளின் செய்தி. இந்நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்து, மேற்படி வினாவையும் கேட்டுவிட்டால் அது பாடமாகிவிடும். விடையை நாம் எழுதத் தேவையில்லை. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது என்ன செய்வது என்பதைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் ஆவணங்களை வகுப்பறைக்குக் கொடுக்கும்போது கையாளும் முறையும் ஏறக்குறைய இதுவே: முதலிற் கவனி, பின் சிந்தி, பின் வினவு.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆவணத்துக்கு ஒரு பக்க அறிமுகம், அருஞ்சொற் பொருள், பழைய எழுத்துகளுக்கு ஓர் அட்டவணை, எழுதியவர் யார், எக்காலம் என்ற குறிப்பு, இரண்டு நல்ல வினாக்கள் என இவ்வளவே. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் நம் ஊர்களில் இருக்கின்றார்கள். ஒருவர் மாதத்துக்கு ஓர் ஆவணம் எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு பாடங்கள் சேரும். அவற்றை முதலில் ஒரு வகுப்பிற் படிப்பித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எங்கே இடறுகின்றார்களோ அங்கே திருத்த வேண்டும்.

கட்டிவைத்த ஏடு கறையானுக்கு இரையாயிற்று. திறக்கப்படாத எண்ணிமக் கோப்பைக் கறையான் அரிக்காது. ஆனால் படிப்பார் இல்லையெனின், அதுவும் கட்டிவைத்த ஏடேதான். நாவலர் செய்த இரண்டு வேலைகளில் ஒன்றை நம் காலத்தவர் செய்து முடித்துவருகின்றனர். மற்றையது நம் ஆசிரியர்களுக்காகக் காத்திருக்கின்றது.